என்ன கொடுத்தோம்

ஜூலை 14, திங்கள்

இந்த நோட்டை சிஸ்டர் ஜெபராணி கொடுத்தார். அவரே ஸ்கேல் வைத்து இடது பக்கங்களில் நான்கு கட்டம் போட்டிருக்கிறார். நேரம். எத்தனை விநாடி. எப்படி. என்ன கொடுத்தோம்.

"மெஷின் பாக்குது, நாங்களும் பாக்கோம். ஆனா அப்பா கண்ணு வேற அண்ணா. ஒண்ணு விடாம எழுதுங்க. வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எழுதுங்க."

விடாமல் எழுதுவது எனக்குப் பழக்கம். பால் பதனிடும் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாகப் பன்னிரண்டு வருடம். வெப்பமானி, தராசு, அழுத்தமானி எல்லாம் சரியான எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்து எழுதி வைப்பதுதான் வேலை.

வலது பக்கம் சும்மா கிடக்கிறது. அதில்தான் இதை எழுதுகிறேன்.

சம்யுக்தா. ஏழு வயது, 22 கிலோ. இன்று ஐசியுவில் ஒன்பதாவது நாள்.

ஜூலை 1 அன்று பதினொன்றேகாலுக்குப் பள்ளியிலிருந்து போன். சம்முவுக்குக் காய்ச்சல், கூட்டிப் போங்கள் என்றார்கள். அன்று ஆலையில் பாலைச் சூடாக்கும் பாஸ்டரைசரை நிறுத்தி வேலை நடந்துகொண்டிருந்தது. நாலரைக்குத்தான் போனேன். ஆபீஸ் பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். வரும் வழியில் காய்ச்சல் சிரப் வாங்கினேன். ஆறு மில்லி வீதம் மூன்று நாள் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது. சனிக்கிழமை சைக்கிள் ஓட்டினாள். ஞாயிறு காலை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தோசைத் தட்டின் மேல் சாய்ந்தாள். அதிலிருந்து வலிப்பு நிற்கவில்லை.

பதினொன்றேகாலுக்கும் நாலரைக்கும் இடையில் ஐந்தேகால் மணி நேரம். அதனால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். சாயங்காலம் திரும்பவும் கேட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று 63 வலிப்பு. இடது பக்கம் போதவில்லை.

ஜூலை 17, வியாழன்

எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. வாயின் இடது ஓரம் துடிக்கும். பிறகு இடது இமை. தலை அந்தப் பக்கம் திரும்பும். உதடு நீலமாகும். வாயோரம் துடிக்கத் தொடங்கியதுமே வாட்சைப் பார்க்கிறேன். முகத்தைப் பிறகு பார்க்கிறேன்.

டாக்டர் ஷெரீன் உட்காரச் சொல்லிப் பேசினார். "மூணு மருந்து மாத்தியாச்சு, எதுக்கும் அடங்கல. மூளைய முழுசாத் தூங்க வைக்கப் போறோம். மூச்சு மெஷின் பாத்துக்கும். முன்னாடி எப்பவாவது தலைல அடி பட்டிருக்கா?"

போன செப்டம்பரில் ஒரு விபத்து, அப்போது எடுத்த ஸ்கேன் சரியாக இருந்தது என்றேன்.

"என்ன விபத்து?"

"ஸ்கூட்டர்ல ஸ்கூலுக்குப் போறப்ப. லாரி. இவளுக்கு முழங்கைல சிராய்ப்பு மட்டும்தான்."

"வண்டிய யார் ஓட்டினது?"

"கோகிலா. என் மனைவி."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

ஜூலை 18, வெள்ளி

மாமா பழனியிலிருந்து வந்துவிட்டார். கோகிலாவின் அப்பா நாட்ராயன். முப்பத்து நாலு வருடம் பஸ் கண்டக்டர். இப்போதும் எந்த வாசலில் நுழைந்தாலும் முதலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவார்.

"பதினொரு கட்டில், பத்துப் புள்ளைங்க. ஒண்ணு காலிங்க மாப்ள. காலியா இருக்கறதுதான் நல்லது." பிறகு சம்முவைப் பார்த்தார். மூக்கில் குழாய், வாயில் குழாய், தலை முழுக்க வயர். "என்ற அம்மிணிக்கு இத்தன டிக்கெட்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

திரும்பி வரும்போது மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்ன பஞ்சாமிர்த டப்பாவை எடுத்துத் தலையணை ஓரம் வைத்தார். எடுக்கச் சொன்னேன்.

"மூடியே தொறக்கலீங்க மாப்ள. முருகன் பாத்துட்டு இருக்கட்டும்."

ஜூலை 19, சனி

தண்டுவட நீர், ரத்தம், ஸ்கேன் எல்லாம் சுத்தம். கிருமி எதுவும் இல்லை. எங்கள் ஆலையில் எல்லா மீட்டரும் சரி, பால் மட்டும் கெட்டுப்போயிற்று என்றால் யாரோ ஒரு ஆள் ஏதோ செய்திருக்கிறார் என்று அர்த்தம். இதை டாக்டரிடம் சொன்னேன்.

"இது ஃபேக்டரி இல்ல லோகேஸ்வரன். சாதாரணக் காய்ச்சல் வந்துட்டுப் போகும். லட்சத்துல ஒரு குழந்தைக்கு அதுக்கப்புறம் இப்படி ஆகுது. ஏன்னு யாருக்கும் தெரியாது."

தூக்க மருந்தைக் குறைத்தால் திரையில் மூளை அலைக் கோடுகள் மறுபடி எகிறுகின்றன. இனி உணவை மாற்றிப் பார்க்கலாம் என்றார். கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு, சர்க்கரை அறவே கிடையாது. உடம்பு வேறு வழியில்லாமல் கொழுப்பை எரிக்கும். அப்போது ரத்தத்தில் கீட்டோன் என்று ஒன்று ஏறும். அது ஏறினால் சில குழந்தைகளுக்கு வலிப்பு அடங்குகிறதாம்.

"எத்தன பேருக்கு?"

"பாதிப் பேருக்குன்னு வச்சுக்கோங்க."

ஜூலை 21, திங்கள்

மூக்குக் குழாய் வழியாக இன்று தொடக்கம். நான்கு பங்கு கொழுப்புக்கு ஒரு பங்கு மற்றவை. டயட்டீஷியன் மேடத்தின் சமையலறையில் இருந்த தராசைப் பார்த்தேன். ஆலையிலிருந்து என் எடைக்கற்கள் பெட்டியை வரவழைத்து வைத்துப் பார்த்ததில் 0.4 கிராம் கூடுதலாகக் காட்டியது. மேடம் சிரித்தார். ஆனால் வேறு தராசு வரவழைத்தார்.

"வெளியில இருந்து ஒண்ணும் வேண்டாம் சார். ஒரு துளி இனிப்பு போதும், எல்லாம் கீழ வந்துடும்."

மாமாவிடம் விளக்கினேன். "அப்ப நெய்யும் வெண்ணெயுமா? பால் கம்பெனிக்காரன் புள்ளைக்கு ஆடை மட்டுந்தான், பால் கெடையாதுங்கறீங்க," என்றார். டப்பாவை அவர் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஜூலை 23, புதன்

கீட்டோன் 2.1.

ஜூலை 24, வியாழன்

3.4. வலிப்பு 19.

ஜூலை 25, வெள்ளி

4.2. வலிப்பு 6.

ஜூலை 27, ஞாயிறு

பூஜ்யம். இடது பக்கம் முழுக்க வெள்ளை. மாமா அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 30, புதன்

வார்டுக்கு மாற்றினார்கள். கண்ணைத் திறக்கிறாள். ஃபேனைப் பார்க்கிறாள். என்னைப் பார்ப்பதும் ஃபேனைப் பார்ப்பது மாதிரியே இருக்கிறது. ஆனால் மாமா "டிக்கெட், டிக்கெட்" என்று விசில் அடித்தபோது உதடு அசைந்தது. நானும் பார்த்தேன், சிஸ்டரும் பார்த்தார்.

"அண்ணா, அதையும் எழுதுங்க."

எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. வலது பக்கம் எழுதுகிறேன்.

இனி குழாயில் உணவு ஏற்றுவது நானே. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஊசிக்குழாயில் அளந்து.

ஆகஸ்ட் 2, சனி

உடம்பு லேசாகச் சுடுகிறது. காலை 99.4. சொன்னேன். சிஸ்டர் பார்த்துவிட்டு இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், நூறைத் தாண்டினால் மாத்திரை பொடித்துக் கொடுக்கலாம், அரை மணி கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார்.

அரை மணி.

மதியம் 98.8. இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மாமா சீக்கிரமே வந்து, அவள் கையில் புது மஞ்சள் கயிறு கட்டினார். கோகிலா வருடா வருடம் ஆற்றங்கரையில் வைத்துக் கட்டிவிடுவாள்.

எனக்கு எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தார். "நீங்களும் ஒரு மனுசன்னு யாராச்சும் நெனப்பூட்டோணுமில்லீங்க."

நான் கேன்டீனுக்குப் போன இருபது நிமிடம் அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

சாயங்காலம் 99.2. பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை கீட்டோன் 1.1. தப்பாக இருக்கும் என்று திரும்ப எடுத்தார்கள். 0.9.

9.20 முதல் வலிப்பு. 10.05, 10.11, 10.14. பிறகு இடைவெளியே இல்லை. மதியத்துக்குள் மறுபடி ஐசியு, மறுபடி வாயில் குழாய்.

டயட்டீஷியன் மேடம் என் அளவுகளை எல்லாம் பார்த்தார். ஒரு தப்பும் இல்லை. "எங்கயிருந்தோ சர்க்கரை போயிருக்கு சார்," என்றார்.

வராண்டாவில் மாமாவின் மஞ்சள் பையை வாங்கிப் பார்த்தேன். டப்பா இருந்தது. மூடி திறந்திருந்தது. கால் பங்கு இல்லை.

"மாமா, இது எங்க போச்சு?"

"நான் தின்னனுங்க."

"உங்களுக்குச் சக்கரை வியாதி."

"ஆமாங்க. நேத்துப் பஸ்ஸுல வர்றப்ப மயக்கமா வந்துச்சு. இதுதான் கைல இருந்துச்சு."

"நேத்து இருபது நிமிஷம் அவகூடத் தனியா இருந்தீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "மாப்ள, நான் அவ நாக்குல வச்சேங்கறீங்களா?"

"மூளைக்குப் போயிடுச்சு மாமா. உங்க பக்தி அங்க போயிடுச்சு. இனிமே நீங்க இங்க வரவேண்டாம்."

சத்தம் போடவில்லை. எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னேன். அவர் டப்பாவை மூடினார். பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். லிப்ட் இருந்தும் படிக்கட்டில் இறங்கினார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

71.

ஆகஸ்ட் 6, புதன்

சம்முவின் ஆதார் அட்டை வேண்டும் என்றார்கள். என் தோள்பையின் அடியில் துழாவினேன். காய்ச்சல் சிரப் பாட்டில் கைக்கு வந்தது.

ஜூலை 1 அன்று வாங்கியது. இப்போது அடியில் ஒரு விரல் அளவு கிடக்கிறது.

எழுதுகிறேன். 2ஆம் தேதி காலை சிஸ்டர் அரை மணி பொறுக்கச் சொன்னார். நான் பொறுக்கவில்லை. குழாயில் ஆறு மில்லி ஏற்றினேன். 98.8 ஆனது. மறுபடி ஏறிவிடக் கூடாது என்று அன்று இன்னும் மூன்று முறை. 3ஆம் தேதி நான்கு முறை. 4ஆம் தேதி காலை ஒரு முறை. மொத்தம் ஒன்பது. யாரிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை. மருந்துதானே, சாப்பாடு இல்லையே என்று நினைத்தேன் என்று எழுதலாம். ஆனால் ஒளித்துத்தான் கொடுத்தேன். கட்டில் திரையை இழுத்துவிட்டுக் கொடுத்தேன்.

லேபிளில் பொடி எழுத்தில் இருக்கிறது. சர்க்கரைப் பாகில் செய்தது. ஒரு சொட்டு விரலில் விட்டு நக்கிப் பார்த்தேன். இனிப்பு. ரொம்ப இனிப்பு. இத்தனை நாளில் நாக்குக்கு ருசி தெரிந்தது இதுதான் முதல் தடவை.

கொழுப்பை அரை கிராம்கூடப் பிசகாமல் அளந்து கொடுத்த அதே ஊசிக்குழாயில் பாகை ஏற்றியிருக்கிறேன்.

பழைய இடது பக்கங்களுக்குப் போய், நாலாவது கட்டத்தில் ஒன்பது இடத்திலும் எழுதினேன். நோட்டையும் பாட்டிலையும் டாக்டர் மேசையில் வைத்தேன்.

டாக்டர் ஷெரீன் லேபிளைப் படித்தார். நோட்டைப் படித்தார். "எழுதியிருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்போம்," என்றார்.

"இதனால அவளுக்கு என்ன போச்சு டாக்டர்?"

"முதல் தடவைல எவ்வளவு போச்சு, ரெண்டாவதுல எவ்வளவு போச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. இப்பவும் முடியாது, பின்னாடியும் முடியாது."

"திட்டுங்க டாக்டர்."

"எனக்கு நேரமில்ல. கீட்டோன ஏத்தணும். போய் உக்காருங்க."

ஆகஸ்ட் 7, வியாழன்

மாமாவுக்குப் போன் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் பஸ் நிலையச் சத்தம். சொன்னேன். எத்தனை முறை, எத்தனை மில்லி என்று எல்லாம் சொன்னேன்.



"நான் தின்னேன்னு சொன்னப்ப நீங்க நம்பலீங்க மாப்ள."

"ஆமா மாமா."

"இப்ப நீங்க குடுத்தேன்னு சொல்றத மட்டும் நான் ஒடனே நம்போணும்."

"ஆமா."

"என்ற புள்ள போன அன்னைக்கும் நீங்க இதே குரல்லதான் எனக்குப் போன் பண்ணுனீங்க. ரூட்டு நம்பர் சொல்ற மாதிரி." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "பதினொன்னே முக்காலுக்கு ஒரு வண்டி இருக்குதுங்க. வாறேன். உங்களுக்காக இல்லீங்க."

இரண்டு மணிக்கு வந்தார். என்னைத் தாண்டிப் போய் சம்முவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மஞ்சள் பையை என்னிடம் நீட்டி, "செக் பண்ணிக்குங்க," என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

கீட்டோன் 4.0. வலிப்பு 2, இரண்டும் முப்பது விநாடிக்குள். குழாயை எடுத்துவிட்டார்கள். மறுபடி வார்டுக்கு வந்துவிட்டோம். சிஸ்டர் ஜெபராணி என் தோள்பையைத் தினமும் காலையில் சோதிக்கிறார். நான் கேட்டுக்கொண்டதுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பேசினாள்.

காலை 8.40. நான் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "பன்னு," என்றாள். குரல் கரகரப்பாக, யாரோ பெரிய பெண் பேசுவது மாதிரி. "பன்னு வேணும்."

மாமா அழுது, சிரித்து, வார்டு முழுக்கப் போய்ச் சொன்னார். நான் துணியைப் பிடித்தபடி நின்றேன்.

போன செப்டம்பரில் விபத்து நடந்த வளைவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சம்மு ரோட்டோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சமாதானப்படுத்த யாரோ கையில் ஒரு பன் கொடுத்திருந்தார்கள். அதைக் கடிக்காமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். ரோட்டில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பன்னைத் தொட்டதில்லை. பேக்கரி இருக்கிற தெருவில் நடந்ததில்லை. அம்மா எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவளே பார்த்துவிட்டாளே. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சத்தம் போடாத மீட்டரை நாங்கள் திறந்து பார்ப்பதில்லை.

பன்னு என்று திரும்பவும் கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள். தரவும் முடியாது.

சாயங்காலம் கதவைப் பார்த்தபடி, "அம்மா எப்ப வரும்?" என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

டாக்டர் ஷெரீன் படங்கள் காட்டி, கேள்வி கேட்டுப் பார்த்தார். ஒன்றாம் வகுப்பு டீச்சர் பேர் தெரிகிறது. இரண்டாம் வகுப்பு போனதே தெரியவில்லை. கடைசி ஒரு வருடம் இல்லை. பத்து நிமிடம் முன்பு காட்டிய படமும் நிற்கவில்லை.

"திரும்ப வருமா டாக்டர்?"

"கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். வலிப்பும் முழுசா விடாது, அங்கங்க வரும். அம்மாவப் பத்திக் கேட்டா பொய் சொல்லாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா சொன்னது நிக்காது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது முதல் தடவை."

வராண்டாவில் மாமா என் முன்னால் வந்து நின்றார். "அப்பத் தெனமும் அவ அம்மாவச் சாகடிக்கோணுமா மாப்ள? ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிப் போடலாம். கண்டக்டர் பேத்தி. பஸ்ஸு லேட்டுன்னா நம்புவா."

"எத்தன நாளைக்கு மாமா?"

"அவளுக்குத்தான் நாளே தெரியாதுங்களே."

சம்மு நாள் முழுக்க நான்கு தடவை அம்மாவைக் கேட்டாள். நான்கு தடவையும் ஃபேனைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை ஏழு மணிக்கு எழுந்தாள். கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தேன். மாமா ஜன்னல் பக்கம் நின்றார்.

"அப்பா, அம்மா எங்க?"

"அம்மா செத்துப்போயிட்டாங்க சம்மு."

பதினோரு மாதத்தில் இந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. போனில் மாமாவிடம்கூட "ஆக்சிடென்ட், உடனே வாங்க" என்றுதான் சொன்னேன்.

நான் விளையாடுகிறேனா என்று பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"எப்போ?"

"போன செப்டம்பர். ஸ்கூலுக்குப் போறப்ப, வண்டில. நீயும் இருந்த. உனக்கு ஒண்ணும் ஆகல."

விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினாள். கணக்கு வரவில்லை.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

பிறகு அழுதாள். வாட்சைப் பார்த்தேன். 7.04. இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போன செப்டம்பரில் அவள் இப்படி அழவில்லை. நான் தூக்கவில்லை என்பதால் அழவில்லையோ என்னவோ. அன்று டீக்கடையில் அவள் முன்னால் நின்று முழங்கைச் சிராய்ப்பைத்தான் பார்த்தேன்.

7.15க்கு அடங்கினாள். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "அப்பா, ஈரம்," என்றாள்.

எட்டரைக்குக் கண்விழித்து, "அம்மா எப்ப வரும்?" என்றாள். மாமா வெளியே போய்விட்டார். சொன்னேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாமா கீழே போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார். "இன்னைக்கு நான் சொல்றனுங்க மாப்ள. நீங்க தெனமும் ஒரே வண்டிய ஓட்ட முடியாது. ஷிப்ட் போட்டுக்கலாம்," என்றார். கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். என் வாட்சைக் கேட்டு வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இடது பக்கத்தில் இன்றைக்கு ஒரே ஒரு வரி.

நேரம்: காலை. எத்தனை விநாடி: தெரியாது. எப்படி: அம்மா எங்கே என்று கேட்டாள். என்ன கொடுத்தோம்: மாமா சொன்னார். நான் அவளைத் தூக்கிக்கொண்டேன்.